மண்வெட்டி வேண்டாம் தம்பிமாரே



இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில், மண் மூடிய குகைகளை வார இறுதியில் வாளியும் மண்வெட்டியுமாகத் தோண்டித் திறப்பது ஒரு பொழுதுபோக்கு. அது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அரித்த வழிகள் உள்ளே நீண்டு போகும். அங்கும் காணிக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

வீடியோ பார்த்துவிட்டு இங்கே அதைச் செய்யப் போகாதீர்கள். நம் நாட்டுக் குகைகள் பல வெறும் பாறை ஒதுக்குகள். அங்கே மண்தான் பொக்கிஷம். பாஹியங்கல குகை மண்ணில் சுமார் 48,000 வருடப் பழமையான எலும்பு அம்புமுனைகள் கிடைத்தன. மண் அடுக்கு கலைந்தால் அந்த வயதை யாராலும் சொல்ல முடியாது.

அனுமதியின்றித் தொல்பொருள் தோண்டுவது 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி குற்றம். பொழுதுபோக்கு என்று சொன்னாலும் பொலிஸ் உங்களைப் புதையல் தேடியவராகத்தான் பார்க்கும்.

தோண்ட ஆசையா? தொல்லியல் படியுங்கள். அந்தத் துறைக்கு நம் பிள்ளைகளும் போக வேண்டும்.