மோலினாஸுக்கு எதற்கு இந்த அனுதாபம்?

வீழ்ந்த மேதையின் கதை என்றால் இலக்கிய வாசகனுக்குத் தனி ருசி. எல்லாம் கைகூடி வந்த ஒருவன், தன்னுள் இருந்த ஏதோ ஒன்றினால் தானே அழிந்தான் என்று முடியும் கதை நமக்கு எப்போதும் பிடித்திருக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து வரலாற்றில் இந்த ருசிக்கு வாகாக அமைந்த ஆள் ஜாக் மோலினாஸ். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த அச்சிலேயே அவரை வார்த்தெடுக்கிறார்கள். அந்த வார்ப்பு தவறானது என்பதும், அதனால் வேறு சிலருக்கு அநீதி தொடர்கிறது என்பதும் என் தரப்பு.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1931இல் பிறந்தவர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். நுழைவுத் தேர்வில் வென்றால் மட்டுமே சேர முடிகிற ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1953இல் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்திலேயே நட்சத்திர ஆட்டத்துக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்த ஆட்டம் நடப்பதற்குள், 1954 ஜனவரியில், அவர் தன் அணியின் ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டியது வெளிப்பட்டது. தொழில்முறைக் கூடைப்பந்தின் தலைமை அமைப்பான என்.பி.ஏ. அவரை விலக்கியது. அப்போது அவருக்கு 22 வயது. பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானார். கல்லூரி ஆட்டங்களை விலைக்கு வாங்கும் கும்பலுக்கு மூளையாக இருந்ததற்காக 1963இல் 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை பெற்றார். அதில் ஏறத்தாழ ஐந்தாண்டுகளே சிறையில் இருந்தார். பின்னர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1975 ஆகஸ்டில் ஹாலிவுட் குன்றுகளில் இருந்த தன் வீட்டின் பின்புறத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதில் துன்பியலுக்குரிய அங்கங்கள் எல்லாம் இருப்பதுபோலத் தோன்றும். தோன்றுவதுதான் சிக்கல். தன் அணி வெல்லும் என்று ஒரு பையன் விளையாட்டாகப் பணம் கட்டினான், அதற்குப் போய் வாழ்நாள் தண்டனையா என்ற பரிதாபம் எழுகிறது. அந்தத் தண்டனைதான் அவரைக் குற்றவாளியாக்கியது என்ற விளக்கம் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த விளக்கத்தை ஏற்பதற்கு முன், அவர் பின்னால் நடத்திய தொழில் என்ன என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பந்தயத்தில் யார் வெல்வார் என்று மட்டும் பணம் கட்டுவதில்லை. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்வார் என்பதே கணக்கு. பலமான அணி பத்துப் புள்ளிகள் கூடுதலாக எடுக்கும் என்று தரகர்கள் நிர்ணயித்திருந்தால், அது ஆறு புள்ளியில் வென்றாலும் எதிரணி மீது பணம் கட்டியவனுக்கே லாபம். ஆகவே ஆட்டக்காரன் தோற்க வேண்டியதில்லை. இரண்டு பந்துகளைத் தவறவிட்டால் போதும். அவன் அணி வெல்லும், பார்வையாளர்கள் கைதட்டுவார்கள், அவன் சட்டைப் பையில் பணம் விழும். 'நீ யாரையும் காட்டிக்கொடுக்கவில்லையே' என்று ஓர் இளைஞனை நம்பவைப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. 1951இல் ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர்கள் சிக்கியது இந்த ஏற்பாட்டில்தான். அத்தனை பேரின் வாழ்வும் சிதைந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர் மோலினாஸ். பார்த்த பிறகு, 1957 முதல் 1961 வரை, அதே ஏற்பாட்டை இன்னும் விரிவாக, இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு, அவரும் அவருடைய கூட்டாளிகளும் கொண்டுபோனார்கள். இதற்குப் பெயர் பலவீனம் அல்ல, வியாபாரம்.

அதே ஆண்டுகளில்தான் தன்னை அநியாயமாக விலக்கிவிட்டதாக அவர் என்.பி.ஏ. மீது வழக்கும் தொடுத்தார். 1961 ஜனவரியில் நீதிபதி இர்விங் காஃப்மன், பந்தயத்தைத் தடுக்கும் விதி நியாயமானதே என்று காரணங்களை எழுதி அதைத் தள்ளுபடி செய்தார். மோலினாஸுக்கு வழக்கறிஞர் கிடைத்தார், நீதிமன்றம் கிடைத்தது, எழுத்தில் ஒரு தீர்ப்பும் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த மனிதரிடம் வாருங்கள்.

கானி ஹாக்கின்ஸ் 1942இல் புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியில் பிறந்த கறுப்பின இளைஞர். வறுமை, சரளமாகப் படிக்கவே தடுமாறிய கல்வி, ஆனால் நகரத்துத் தெருவோர ஆடுகளங்களில் அவருக்கு இணையாக ஒருவரைச் சொல்வது கடினம். பள்ளி நாட்களில் மோலினாஸ் அவரோடு பழகி, உணவு வாங்கிக் கொடுத்து, ஒரு சமயம் 200 டாலர் கடனும் கொடுத்தார். கடனை ஹாக்கின்ஸின் அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1961இல் விசாரணை வெடித்தபோது ஹாக்கின்ஸ் அயோவா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். அக்கால விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது. அதாவது, புள்ளிகளைக் குறைத்து விற்பதற்கு அவரிடம் ஆட்டமே இருந்ததில்லை. தரகர்களுக்கு மற்றவர்களை அறிமுகப்படுத்தினார் என்பதே அவர்மேல் விழுந்த சந்தேகம். 18 வயதுப் பையனை நியூயார்க்கில் வைத்து, துணைக்கு வழக்கறிஞர் இல்லாமல் துப்பறிவாளர்கள் நாட்கணக்கில் விசாரித்தார்கள். அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. இருந்தும் பல்கலைக்கழகம் கைவிட்டது, என்.பி.ஏ. கதவைச் சாத்தியது.

விசாரணையின்றிக் கொடுக்கப்பட்ட தண்டனையைப் பற்றி ஒரு காப்பியமே வைத்திருப்பவர்கள் நாம். சிலம்பு திருடியவன் என்று ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லே பாண்டியனுக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அந்தப் பாண்டியனுக்குத் தவறு தெரிந்த கணத்தில் உயிர் போயிற்று. கூடைப்பந்துச் சங்கமோ எட்டாண்டுகள் சும்மா இருந்தது. ஹாக்கின்ஸ் சிறு லீக்குகளிலும், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கை அணியிலும் தன் இருபதுகளைச் செலவழித்தார். 1967இல் தொடங்கிய போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வில் முதல் பருவத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ரோஸ்லின் லிட்மன், டேவிட் லிட்மன் என்ற பிட்ஸ்பர்க் வழக்கறிஞர் தம்பதியர் தொடுத்த வழக்கும், 1969இல் லைஃப் இதழில் டேவிட் வுல்ஃப் எழுதிய கட்டுரையும் சேர்ந்துதான் சங்கத்தை அசைத்தன. பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 27 வயதில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்காக நுழைந்து, அந்தப் பருவத்திலேயே என்.பி.ஏ.வின் முதல் ஐவரில் ஒருவராகத் தேர்வானார்.

மோலினாஸிடம் பழகிய குற்றத்துக்காகவே விலக்கப்பட்ட இன்னொரு புரூக்ளின் இளைஞர் ரோஜர் பிரவுன். அவரும் முதலாண்டு மாணவர். அவர்மேலும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. டேட்டன் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, 1967இல் இண்டியானா பேஸர்ஸ் அணிக்கு வந்து மூன்று கோப்பைகளை வென்றுகொடுத்தார். என்.பி.ஏ.வில் அவர் ஆடவே இல்லை.

இவர்களை விட்டுவிட்டு மோலினாஸ்மீது ஏன் நமக்கு இத்தனை ஈர்ப்பு? காரணம் எளிது. மோலினாஸுக்குப் பேசத் தெரியும். நகைச்சுவை உண்டு, கணக்கு மூளை உண்டு, தன் கதையைத் தானே சுவைபடச் சொல்லும் திறன் உண்டு. சார்லி ரோசன் 2001இல் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு, அவர் கூடைப்பந்தையே ஏறத்தாழ அழித்துவிட்டதாகத் துணைத்தலைப்பில் சொல்கிறது. ஆட்டம் அழியவில்லை, அது கொழுத்துச் செழித்தது. அழிந்தவை சில இளைஞர்களின் மிகச் சிறந்த ஆண்டுகள். அவர்கள் சொற்களில் வல்லவர்கள் அல்லர் என்பதால் நம் அனுதாபம் அவர்களை எட்டவில்லை.

தீயவனையும் உள்ளிருந்து புரிந்துகொள்வதல்லவா இலக்கியம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சரிதான். ஆனால் புரிந்துகொள்வது வேறு, கணக்கைத் தீர்த்துவிடுவது வேறு. ஒருவனுடைய மனத்தின் இருட்டை நுணுகிப் பார்க்கிற எழுத்து, அந்த இருட்டு யார்மேல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது புரிதல் அல்ல, மயக்கம்.

இன்னொரு வாதமும் இப்போது புழங்குகிறது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டத்தை ரத்து செய்தது. இரண்டே மாதங்களில் என்.பி.ஏ. ஒரு சூதாட்ட நிறுவனத்தோடு கைகோத்தது. ஆகவே மோலினாஸ் காலத்துக்கு முந்திப் பிறந்தவர், அவ்வளவுதான் என்கிறார்கள். சங்கத்தின் இரட்டை வேடம் உண்மை. அதை நானும் சாடுகிறேன். ஆனால் அதிலிருந்து மோலினாஸுக்கு விடுதலை எப்படி வரும்? 2024 ஏப்ரலில், அவர் விலக்கப்பட்டு எழுபது ஆண்டுகள் கழித்து, டொரான்டோ அணியின் ஜான்டே போர்ட்டருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. பந்தயம் கட்டுகிறவர்களுக்குச் சாதகமாக, உடம்பு சரியில்லை என்று சொல்லி ஆட்டத்திலிருந்து பாதியில் வெளியேறியவர் அவர். சூதாட்டக் கடனில் மூழ்கியிருந்தவரிடம், கடனைத் தீர்க்க இதுவே வழி என்று சிலர் நெருக்கியதாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். போர்ட்டரைக் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. இளைஞனைக் கடனில் வைத்துப் பிடிக்கும் உத்தி பழையது. இப்போது பந்தயத்துக்கு விளம்பரமும் சேர்ந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன். மோலினாஸ்களுக்குத் தொழில் இன்னும் நடக்கிறது.

ஹாக்கின்ஸை 1992இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். 2017இல் அவர் காலமானார். ரோஜர் பிரவுனைச் சேர்த்தது 2013இல். அவர் இறந்து அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மோலினாஸின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஹாக்கின்ஸைப் பற்றி டேவிட் வுல்ஃப் 1972இல் வெளியிட்ட 'ஃபவுல்!' என்ற நூலை முதலில் படியுங்கள். அதன் பிறகும் மோலினாஸுக்காக உங்கள் கண் கலங்கினால் என்னோடு வாதாட வாருங்கள்.