பெயர் அறிந்தால் ஊர் நமதாகும்

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்வோர், தாம் வாழும் மண்ணைத் தம்முடையது எனக் கூறலாமா? கூறலாம். ஆனால் அவ்வுரிமை வீட்டு முகவரியால் மட்டும் வருவதன்று. அம்மண்ணை அறிய முயல்வதால் வருவது. இதற்குச் சான்றாக வாழ்ந்தவர் அருட்தந்தை ஹெர்மனகில்டு சாண்டாபாவ்.

1903ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் பிறந்த இவர், இயேசு சபையில் சேர்ந்து கத்தோலிக்கக் குருவானார். இந்தியாவுக்கு வந்து, மும்பை தூய சேவியர் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள கண்டாலாக் குன்றுகளுக்குப் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சென்று, செடி கொடிகளைச் சேகரித்து ஆராய்ந்தார். அவ்வுழைப்பின் பயனாகக் கண்டாலாவின் தாவரங்கள் பற்றிய அவரது நூல் 1953இல் வெளிவந்தது.

அக்குன்றுகளில் வளரும் கார்வி என்னும் செடி, நம் குறிஞ்சியின் உறவு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதுபோல, கார்வி ஏறத்தாழ 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். விதை முதிர்ந்தபின் மடியும். ஒருநாள் வந்து செல்பவர் இதனை அறிய இயலாது. திரும்பத் திரும்பச் சென்று பார்ப்பவரே அறிவர்.

கைப்பேசியில் படம் எடுத்தால் செடியின் பெயர் உடனே தெரிகிறதே, இவ்வளவு உழைப்பு எதற்கு எனச் சிலர் வினவலாம். கைப்பேசி பெயரைக் கூறும். ஆனால் அடுத்த பூப்புக்காக நம் பொருட்டுக் காத்திருக்காது. வேற்றூர் மரங்களை அறிந்தால் சொந்த ஊர் மறந்துபோகும் என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் பொருந்தாது. கார்வியை அறிந்தவருக்குக் குறிஞ்சி அயலாவதில்லை, மேலும் நெருக்கமாகிறது. வேம்பை 'நீம்' என்றும், அரசமரத்தைப் 'பீபல்' என்றும், நாவலை 'ஜாமுன்' என்றும் அறிவதால் தமிழ்ப்பெயர் அழிந்துவிடாது.

சாண்டாபாவ் இந்தியக் குடிமகனானார். இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் இயக்குநராகவும் பணியாற்றினார். பொதுமக்களும் மரங்களை அறியுமாறு எளிய நூல் ஒன்றும் எழுதினார். 1967இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருதுக்கு நெடுங்காலம் முன்பே, அவர் நடந்த குன்றுகள் அவரைத் தம்மவராக ஏற்றிருக்கும்.

பள்ளி செல்லும் வழியில் நிற்கும் மரம் எது? அதனை வீட்டில் தமிழிலும் தெருவில் அவ்வூர் மொழியிலும் அழைக்கக் கற்ற குழந்தைக்கு இரண்டு ஊர்களும் சொந்த ஊர்களே.