தோற்று வரும் பிள்ளையிடம் என்ன கேட்கிறீர்கள்?



'விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், இது ஆண்களுக்கான பக்கம்' என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். இது உங்களுக்காகவே எழுதப்பட்டது. அஸருக்குப் பிறகு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளை, மஃரிபுக்கு முன்னர் உங்கள் வாசலுக்குத்தானே திரும்பி வருகிறான்? கிழிந்த சட்டையைத் தைப்பதும், வீங்கிய காலுக்கு ஒத்தடம் போடுவதும், விளையாட்டில் தொடங்கிய சண்டை வீடு தேடி வரும்போது வாசலில் நின்று பதில் சொல்வதும் நீங்கள்தானே?

உதைபந்தாட்டத்தையும் றக்பியையும் ஆர்வத்தோடு பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. வேலைகளை முடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்துவிட்டால் எழும்ப மனம் வராது. ஆனால் பல வருடங்களாகப் பார்த்ததில் ஒரு விடயம் என் மனதில் உறுதியாகப் பதிந்துவிட்டது. போட்டியும் பகையும் ஒன்றல்ல. திறமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடக்கம் இல்லாவிட்டால் அது வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது. அந்த அடக்கத்தின் முதல் பாடசாலை வீடு.

முதலில் றக்பியைப் பார்ப்போம். நம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு பழக்கமில்லை. முட்டை வடிவப் பந்து. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம். ஓடுபவரைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். பார்க்கும் தாய்மாருக்கு நெஞ்சு பதறும். நம் நாட்டில் பாடசாலைகளுக்கு இடையிலான முதலாவது றக்பி ஆட்டத்தை 1906இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் ஆடின. கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையிலான பிராட்பி கேடயப் போட்டி 1945இல் ஆரம்பமானது. ஓர் ஆட்டம் கொழும்பில், மற்றது கண்டியில். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவு செய்வார்கள். இன்று எதிரியின் ஊரில் நாம் விருந்தாளி. நாளை அவன் நம் ஊரில் விருந்தாளி. இந்த ஏற்பாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அடுத்த முறை அவன் வாசலுக்குப் போக வேண்டும் என்ற நினைவு இருப்பவன், இன்று தன் வாசலில் அவனை அவமதிக்க யோசிப்பான் அல்லவா?

றக்பி பணக்காரக் கல்லூரிகளின் ஆட்டம், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். கிங்ஸ்வூட் கல்லூரியில் படித்த ஃபாஸில் மரிஜா, கண்டிக் கழகத்திற்கும் தேசிய அணிக்கும் தலைமை தாங்கியவர். ஆகவே கதவு பூட்டிக் கிடக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டமோ பலமோ அல்ல. மத்தியஸ்தர் விசில் ஊதியதும் மைதானத்தில் நிலவும் அமைதி!

மத்தியஸ்தரிடம் பேசும் உரிமை அணித்தலைவருக்கு மட்டுமே. அவரும் மரியாதையாகப் பேச வேண்டும். தீர்ப்பை எதிர்த்து வாய்காட்டினால், தண்டனை வழங்கப்பட்ட இடத்திலிருந்து இன்னும் 10 மீற்றர் பின்னுக்குப் போகச் சொல்வார்கள். ஒருவனுடைய வாய்க்கு முழு அணியும் விலை கொடுக்கிறது. மஞ்சள் அட்டை காட்டப்பட்டால் 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். மற்றப் பதினான்கு பேரும் அவனுடைய பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். றக்பிக்காரர்கள் பிறவியிலேயே நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குள்ளும் முரடர்கள் உண்டு. ஆனால் கோபத்தின் விலை என்ன என்பதைச் சட்டம் உடனுக்குடன் காட்டிவிடுகிறது.

உதைபந்தாட்டத்தில் என்ன நடக்கிறது? ஒரு பெனால்டி கொடுத்தால் போதும், ஏழெட்டுப் பேர் மத்தியஸ்தரைச் சூழ்ந்துகொண்டு கையை நீட்டிக் கத்துவார்கள். தொலைக்காட்சியில் பெரிய வீரர்கள் செய்வதை நம் பிள்ளைகள் மறுநாளே நம் மைதானத்தில் செய்து காட்டுவார்கள். உதைபந்தாட்டத்தை நடத்துபவர்களுக்கும் இது கடைசியில் உறைத்திருக்கிறது. 2024இல் ஜெர்மனியில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், தீர்ப்புக்கு விளக்கம் கேட்க அணித்தலைவர் மட்டுமே மத்தியஸ்தரை நெருங்கலாம் என்று விதித்தார்கள். றக்பியின் பழக்கத்தை உதைபந்து கடன் வாங்கியது. நல்ல பழக்கத்தை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம்தானே!

இனி, திறமையைப் பற்றிப் பார்ப்போம். ஸினடின் ஸிடானை அறியாத உதைபந்து ரசிகர் இருக்க மாட்டார். அல்ஜீரியாவிலிருந்து பிரான்சுக்குப் பிழைக்கப் போன குடும்பத்தின் பிள்ளை. 1998 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் பிரேஸிலுக்கு எதிராகத் தலையால் முட்டி இரண்டு கோல்கள் போட்டு, பிரான்சுக்குக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அதே தொடரின் தொடக்கத்தில் சவூதி அரேபிய வீரரை மிதித்ததற்காகச் சிவப்பு அட்டை பெற்று, இரண்டு ஆட்டங்களில் விளையாட முடியாமல் இருந்தார். எட்டு வருடங்கள் கழிந்தன. 2006இல் பெர்லினில் மீண்டும் ஓர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. ஏழாவது நிமிடத்தில் கோல் போட்டவரும் அவர்தான். 110ஆவது நிமிடத்தில் இத்தாலி வீரரின் நெஞ்சில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டவரும் அவர்தான். அவருடைய வாழ்வின் கடைசி ஆட்டம் அது. பெனால்டி உதைகளில் பிரான்ஸ் தோற்றபோது, அணியின் மிகச் சிறந்த கால்கள் உடைமாற்றும் அறையில் இருந்தன. எதிரி ஏதோ தகாத வார்த்தை சொன்னான் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வார்த்தையால் ஒரு மனிதனை மைதானத்திலிருந்து அகற்றலாம் என்பது எதிரிக்குத் தெரிந்துவிட்டால், அவன் ஏன் பந்தைத் தேடிப் போகப் போகிறான்?

நியூஸிலாந்து றக்பி வீரர் ஸொனி பில் வில்லியம்ஸ் இஸ்லாத்தை ஏற்றவர். 2011, 2015 ஆகிய இரண்டு உலகக் கிண்ணங்களையும் வென்ற அணியில் இருந்தவர். 2015இல் வெற்றியைக் கொண்டாட மைதானத்துக்குள் ஓடி வந்த சிறுவனைக் காவலாளி ஒருவர் விழுத்திவிட, அவனைத் தூக்கி அணைத்துத் தாயிடம் கொண்டுபோய் விட்டு, தன் கழுத்திலிருந்த பதக்கத்தையே அவனுக்கு அணிவித்தார். அப்படிப்பட்டவரும் 2017 ஜூலை 1ஆம் திகதி வெலிங்டனில் தவறினார். எதிரணி வீரரின் தலையில் தோளால் மோதியதற்காகச் சிவப்பு அட்டை. 50 வருடங்களில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் நியூஸிலாந்து வீரர் அவரே. மீதிப் பதினான்கு பேர் போராடியும் 24க்கு 21 என்று ஆட்டம் கைநழுவியது. மென்மையான மனமும் பெரும் திறமையும் உள்ளவரையே ஒரு கணப் பதற்றம் வெளியே அனுப்பிவிடும் என்றால், பதினாறு வயதுப் பிள்ளைக்கு அடக்கத்தை யாராவது தினமும் நினைவூட்ட வேண்டாமா?

அடக்கம் என்றால் கோபத்தை விழுங்குவது மட்டுமல்ல. எகிப்தின் முஹம்மத் ஸலாஹ் சிறுவனாக இருந்தபோது, தன் கிராமத்திலிருந்து கெய்ரோவுக்குப் பல பஸ்கள் மாறி, ஒரு வழிக்கு மட்டும் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து பயிற்சிக்குப் போனார். ஒரு நாள் இரண்டு நாளல்ல; வாரத்தில் ஐந்து நாட்கள். அந்தக் கால்களில் இருக்கும் வேகத்தை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறோம். பஸ்ஸில் தூங்கி வழிந்த அந்த நேரங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

போட்டி பகையாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவைப் பாருங்கள். 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி, கிழக்கு ஜாவாவின் மலாங் நகரில் அரேமா அணி தன் பரம வைரியான பெர்ஸெபாயாவிடம் தோற்றது. பகை முற்றிப் போயிருந்ததால் எதிரணி ரசிகர்களை மைதானத்துக்குள் அனுமதிக்கவே இல்லை. அப்படியிருந்தும், தோல்வியைத் தாங்காத சொந்த ரசிகர்கள் உள்ளே இறங்கினார்கள். பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். வாசல்களில் நெரிபட்டு 135 உயிர்கள் போயின. பெரும் பிழை பொலிஸாருடையது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு தோல்வியைத் தாங்கும் மனம் அன்று இருந்திருந்தால், எத்தனை உம்மாமார் தங்கள் பிள்ளைகளை இன்றும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

சகோதரிகளே, இதெல்லாம் எங்கோ நடப்பவை என்று இருந்துவிட முடியாது. நம் முசலியின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு விரட்டப்பட்டவர்கள் நாம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்கள் காடு மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கித்தான் குடியேறினார்கள். இன்று நம் பிள்ளைகள் மோதும் அணிகளில் அரிப்பின் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருக்கலாம், மன்னார்த் தீவின் பேசாலைப் பிள்ளைகள் இருக்கலாம், இந்துப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் இருக்கலாம்.

கொழும்பில் இரண்டு அணிகள் அடித்துக்கொண்டால் அது விளையாட்டுச் சண்டை. அடுத்த வாரம் மறந்துவிடும். நம் ஊரில் அப்படியில்லை. ஒரு சிவப்பு அட்டையில் தொடங்கும் கைகலப்பு, இரவுக்குள் 'அவன்கள்', 'நாங்கள்' என்று ஆகிவிடும். முப்பது வருடத்துக்கு முந்திய காயத்தை யாரோ ஒருவர் கிளறுவார். மறுநாள் கடலுக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகும். நம் அயலவர்களோடு மீண்டும் பழகுவதற்கு ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு பாடுபட்டிருக்கிறது! அதை ஒரு பந்துக்காக இழக்கலாமா? இரண்டு முஸ்லிம் ஊர்கள் மோதினாலும் நிலைமை அதுதான். மணமுடித்துப் போன நம் பெண்பிள்ளைகள் எதிரணியின் ஊரில் இருக்கிறார்கள் என்பதை நம் பையன்கள் மறந்துவிடுகிறார்கள்.

பெரியவர்களும் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரி காட்டவில்லை. 1995இல் கொழும்பில் தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவையே வென்ற நாடு நம்முடையது. அந்த நாட்டின் உதைபந்தாட்டச் சங்கத்தை 2023 ஜனவரியில் பீபா இடைநிறுத்தியது. அதனால் அந்த வருடத் தெற்காசியக் கிண்ணத்தில் நம் வீரர்களால் விளையாட முடியவில்லை. அதே வருடம் றக்பிக்கும் உலகச் சபையின் தடை வந்தது. தடைகள் பின்னர் நீங்கின என்றாலும், போன வாய்ப்பு வீரர்களுக்குத் திரும்ப வருமா? கதிரைக்காகப் பெரியவர்கள் ஒழுங்கு மீறியதற்கு, ஓடி வியர்த்த பிள்ளைகள் தண்டனை அனுபவித்தார்கள்.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்? மூன்று சிறிய காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளை திரும்பி வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி. "வென்றீங்களா மகன்?" என்பதுதான் நம் வாயில் வருகிறது. தோற்றிருந்தால், "அவன்களுக்கிட்டயா தோத்துட்டு வந்த?" என்று வாப்பாவோ நானாவோ சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புத்தான் அடுத்த ஆட்டத்தில் கால்முட்டியில் விழும் உதை! "நல்லா விளையாடினீங்களா? அவங்கட பக்கத்தில யார் நல்லா விளையாடினது?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரியின் திறமையை வாயால் சொல்லப் பழகிய பிள்ளைக்கு அவனை வெறுப்பது கஷ்டம்.

இரண்டாவது, 'தலைவர் மட்டும் பேசட்டும்' என்ற றக்பிச் சட்டத்தை நம் ஊர்க் கழகங்களிலும் கொண்டுவரச் சொல்லுங்கள். கழகத் தலைவர் உங்கள் தம்பியாகவோ மச்சானாகவோதான் இருப்பார். வீட்டில் சோறு போடும்போது சொல்லும் வார்த்தை கூட்டத்தில் சொல்வதைவிட நன்றாக ஏறும். அடித்தவன் நம் வீட்டுப் பிள்ளை என்றாலும் அவனைத் தடை செய்வதற்குக் குறுக்கே நிற்காதீர்கள். அவன் எவ்வளவு திறமைசாலியோ, அவ்வளவுக்கு இது அவசியம்.

மூன்றாவது, சாப்பாடு. ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்கு விருந்து கொடுப்பது றக்பிக் கழகங்களின் பழைய வழக்கம். அதற்கு நம்மிடம் சஹன் இருக்கிறதே! ஒரு சஹனைச் சுற்றி நம் பிள்ளைகள் மூவரையும் அவர்களுடைய பிள்ளைகள் மூவரையும் இருத்துங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருப்பார்கள், கோழி சமையுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் மரக்கறியும் இருக்கட்டும். ஒரே சஹனில் கை வைத்தவனை அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்று உதைக்கப் பிள்ளைகளுக்கு மனம் வராது.

கோல்கள் எத்தனை என்பது இரண்டு வாரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. தோற்ற அன்று எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மட்டும் அயலூர் மறக்காது. நம் பிள்ளைகள் நன்றாக விளையாடட்டும், வெல்லட்டும். தோற்று வந்தாலும் தலைநிமிர்ந்து வாசலுக்குள் வரட்டும்.