ஒரு மதிப்பெண் கேள்வி

2022 ஜூலை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாறு, முதலாண்டு இரண்டாம் பருவத் தேர்வு. 1800 முதல் 1947 வரையிலான தமிழ்நாட்டு விடுதலைப் போராட்டம் பற்றிய தாள். சரியான விடையைத் தேர்வு செய்யச் சொல்லும் பகுதியில் ஒரு கேள்வி: தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது? கீழே நாலு பெயர்கள்.

அந்த நாலையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒன்று மகாராஷ்டிரத்துச் சாதி. இன்னொன்று கேரளத்தது. இந்த இரண்டையும் மாணவர் முதலில் கழித்துவிட வேண்டும், அதுதான் கேள்வி தயாரித்தவரின் புத்திசாலித்தனம். மூன்றாவது சாதிப் பெயரே கிடையாது, காந்தி பரப்பிய சொல். அது வேண்டாமென்று அந்த மக்களே சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நாலாவது, தோள்சீலைக்கும் கோயில் நுழைவுக்கும் போராடிய நீண்ட வரலாறு உள்ள சமூகம். அந்தப் போராட்டங்களும் இந்தத் தாளின் காலத்துக்குள்தான் வருகின்றன. அதைக் கேட்டிருந்தால் நல்ல கேள்வி. கேட்டவருக்கு அது தோன்றவில்லை.

விஷயம் வெளியே வந்ததும் கண்டனங்கள், அரசு விசாரணைக்கு உத்தரவு, தொலைக்காட்சி விவாதம் எல்லாம் வரிசையாக நடந்தன. பல்கலைக்கழகத் தரப்பில் ஒரு விளக்கமும் வந்தது. தாளை வெளி நிறுவன ஆசிரியர்கள் தயாரிக்கிறார்கள், கசிந்துவிடக் கூடாதென்பதால் நாங்கள் முன்கூட்டிப் படித்துப் பார்ப்பதில்லை என்று.

நான் அந்த விளக்கத்தை நம்புகிறேன். என் வயிற்றெரிச்சலே அதுதான். மாணவர் கைக்குத் தாள் முன்னாலேயே போய்விடக் கூடாது என்பதற்கு உறை இருக்கிறது, சீல் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. அந்தத் தாள் மாணவரை என்ன செய்யும் என்று பார்க்க ஒரு ஆள் இல்லை. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நாலு மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்தும் இடம் இது. பெயர் வேறு பெரியார்.

இன்னொன்றை யாரும் அதிகம் பேசவில்லை. ஒரு மதிப்பெண் கேள்வி என்றால் அதற்கு ஒரு சரியான விடை இருந்தாக வேண்டும். ஆக, 'தாழ்ந்த' என்ற சொல்லுக்கு நேராக எந்தச் சமூகத்தை வைப்பது என்று ஒரு ஆசிரியர் முடிவு செய்திருப்பார். கேள்வியை எழுதும்போதும் கை நடுங்கவில்லை, விடையை மனதில் வைத்தபோதும் நடுங்கவில்லை. தேர்வறையில் அந்தச் சமூகத்துப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு மார்க்கை விடலாமா, இல்லை நம்ம பேரை நாமே டிக் பண்ணலாமா? யோசித்துப் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்தை.

அது யாரோ ஒருவரின் தவறு, நடவடிக்கை எடுத்தால் முடிந்தது என்று சொல்பவர்கள் நம் கல்லூரிகளுக்குள் நடந்தே பார்க்காதவர்கள். நான் நாமக்கல் பக்கம் படித்தவன். கல்லூரி பெயர் வேண்டாம். முதல் வருடம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அலுவலகத்திலிருந்து ஒருவர் தாளோடு வருவார். "எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்கெல்லாம் எந்திரிங்கப்பா" என்பார். அறுபது பேர் பார்க்க எட்டுப் பேர் எழுந்து நிற்போம். அவர் கெட்டவர் கிடையாது. "சாதிச் சான்று ஜெராக்ஸ் தெளிவா இல்ல கண்ணு, நாளைக்கு வேற கொண்டா" என்று அக்கறையாகத்தான் சொல்வார். அவருக்கு அது வேலை. எங்களுக்கு, அன்றிலிருந்து மூன்று வருடத்துக்கான முகவரி. அதுவரை என் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்ட ஒருவன் மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸை வேறு பெஞ்சுக்கு எடுத்துப் போனான். ஒரு வார்த்தை பேசவில்லை, சண்டையும் இல்லை. புகார் எழுத வேண்டுமென்றால் என்னவென்று எழுதுவது?

நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பே இருக்கக் கூடாது, ஆசிரியர் யாரையும் சாதி சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. இவ்வளவு சின்ன விஷயத்தைச் சொல்ல ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி தேவைப்பட்டார் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-இலேயே யுஜிசி சமத்துவ விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையம், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர், 60 நாளுக்குள் புகார் மீது முடிவு. அது காகிதத்திலேயே கிடக்கிறது என்று ரோஹித் வெமுலாவின் அம்மாவும் பாயல் தட்வியின் அம்மாவும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள். அதன் தொடர்ச்சியாகப் புதிய விதிமுறைகள் 2026 ஜனவரியில் வந்தன, அதே மாதத்திலேயே நிறுத்தியும் வைக்கப்பட்டன. பழையபடி 2012.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லையா என்றால், இருக்கிறது, தாராளமாக. பதவி உயர்வு வேண்டுமென்றால் ஓரியண்டேஷன், ரெஃப்ரஷர் என்று போய்த்தான் ஆக வேண்டும். இப்போது பெரும்பாலும் ஆன்லைன். கேமராவை அணைத்துவிட்டுக் குழம்பு தாளிக்கலாம், சான்றிதழ் வந்துவிடும். அதிலும் என் கேள்வி வேறு. பயிற்சி போகிற ஆசிரியரை ஒரு மாணவர் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை பேரைப் பார்க்கிறார்? முதலில் வாட்ச்மேன். பிறகு அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர். பிறகு பஸ் டிரைவர், ஹாஸ்டல் வார்டன், நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது அரசு, நல்ல திட்டங்கள்தான். அதற்கான தாளும் ஸ்காலர்ஷிப் தாளும் அந்த ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்குக் கல்லூரி என்றால் அந்த ஜன்னல்தான். அங்கே இருப்பவருக்கு எப்படிப் பேச வேண்டும் என்று யாராவது ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்ததுண்டா? அவரே தொகுப்பூதியத்தில் மாசத்தைத் தள்ளிக்கொண்டிருப்பார், அது தனிக்கதை.

நம் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் வேறொரு கொள்கை ஒழுங்காக அமலாகிறது. ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பஸ்ஸில் முன்பக்கம், பின்பக்கம். பேசினால் பெற்றோருக்கு போன். 2015 ஜூன் 23 அன்று ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜ், தன்னோடு கல்லூரியில் படித்த தோழியுடன் திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. இதிலிருந்து இங்குள்ள நிர்வாகங்கள் படித்த பாடம், படிக்கட்டைப் பிரித்தது சரிதான் என்பது! கொன்றவர்களின் சந்தேகத்தையே கல்லூரி விதியாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள்.

இதே நாமக்கல்லில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. அரசு கலைக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த பெருமாள்முருகன், மாணவர்களைத் தங்கள் சாதி அனுபவத்தை எழுத வைத்தார். 'சாதியும் நானும்' 2013-இல் புத்தகமாக வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்தவர்கள் மட்டுமில்லாமல் ஒடுக்கிய வீட்டுப் பிள்ளைகளும் எழுதினார்கள். சுற்றறிக்கை இல்லை, மையம் இல்லை, நிதி இல்லை. ஒரு வாத்தியார் கேட்டார், பிள்ளைகள் எழுதினார்கள். 2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' பிரச்சினையில் அவரை எழுத்தை நிறுத்தும் நிலைக்குத் தள்ளி, ஊரைவிட்டே போக வைத்தது இதே ஊர். அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அன்றைக்கு நாமக்கல் பக்கத்து இளம் ஆசிரியர்களுக்கு வேறொரு தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிட்டது: வாயை மூடிக்கொண்டு போர்ஷனை முடி. ஓரியண்டேஷனில் எவ்வளவு சமத்துவம் சொல்லிக்கொடுத்தாலும் இந்தப் பயிற்சிக்கு முன்னால் நிற்குமா?

போன வருடம் சான்றிதழ் ஒன்று வாங்க என் கல்லூரிக்குப் போயிருந்தேன். தரைத்தளத்தில் புதிதாக ஒரு சாய்தளம். கைப்பிடி எல்லாம் பளபளவென்று இருந்தது. அது ஏறிப் போய் முடியும் இடத்தில் ஒரு அறை, 'சம வாய்ப்பு மையம்' என்று பலகை, வெளியே பூட்டு. வாட்ச்மேன் அண்ணனிடம் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன்.

"தெரியலீங் தம்பி. நாக் டீம் வந்தப்ப தொறந்தாங்க. உள்ள சேரெல்லாம் போட்டிருந்துச்சு, அப்புறம் எக்ஸாம் ஹாலுக்கு எடுத்துட்டுப் போய்ட்டாங்க."

தேர்வறை இரண்டாவது மாடியில். அதற்குச் சாய்தளம் கிடையாது.