யார் பாட்டு?

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. சுற்றிலும் மோட்டார்த் தொழிற்சாலைகள். 2022-ஆம் வருஷம் மத்திய தொல்பொருள் இலாகாவினர் அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். ஆழத்தில் கற்கால மனிதனின் கல்லாயுதங்கள் கிடைத்தன. அந்தக் கல்லைக் கொத்தி முனை எடுத்தவன் பேர் என்ன? யாருக்குத் தெரியும்! எழுத்தே பிறக்காத காலம். அவனைக் கேட்டு வைக்க வழியில்லை, போகட்டும்.

அந்த ஊரில் ஓர் ஆயாவைப் பார்த்தேன். வயது எண்பதுக்கு மேல். பேரன் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். நான் போன சமயம் அவன் கைப்பேசியில் 'ஆக்காட்டி' பாட்டு ஓடிக் கொண்டிருந்தது. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இரை தேடப் போய், கண்ணியில் மாட்டிக் கொண்ட தாய்ப் பறவையின் கதை. ஆக்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. நெஞ்சை என்னமோ செய்கிற பாட்டு.

"யார் பாட்டு தம்பி இது?" என்றேன்.

"கே.ஏ.குணசேகரன் பாட்டு சார்" என்றான்.

பாடியவர் அவர்தான், சந்தேகமில்லை. இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் 1955-ல் பிறந்தவர். ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து பட்ட அவமானங்களை 'வடு' என்ற சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்து பேராசிரியரானார். ஆனால் நூல் நிலையத்தில் உட்கார்ந்துவிட்ட ஆசாமி இல்லை. மேடையேறித் தொண்டை கிழியப் பாடினார். காஸெட்டுகள் ஊர் ஊராகப் போயின. அவர் பாடியவற்றுள் இன்னொன்று 'மனுசங்கடா'. அதை எழுதியவர் கவிஞர் இன்குலாப் என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். பாருங்கள் வேடிக்கையை! அதே தொண்டைதான். ஒரு பாட்டுக்குக் கர்த்தா உண்டு; மற்றதற்கு இல்லை. ஆக்காட்டியை முதலில் பாடியவள், அல்லது பாடியவன், அந்தக் கல்லாயுதக்காரனோடு போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

வயலில் பாடும் பாட்டுக்கு நீளம் கிடையாது. நாற்று முடிகிற வரையில் பாட்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனதும் அதற்கு ஆரம்பமும் முடிவும் வந்துவிடுகின்றன. அறுபது நிமிஷ நாடா என்றால் பக்கத்துக்கு முப்பது. கூடவே அட்டையில் ஒரு பேரும் வந்துவிடுகிறது. வம்பு அங்கேதான்!

அமெரிக்காவிலும் இதே வம்பு நடந்திருக்கிறது. பாப் டிலன் என்ற இருபது வயதுப் பிள்ளை, 1961 நவம்பரில் நியூயார்க்கில் இரண்டே நாளில் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். செலவு சுமார் நானூறு டாலர்தான். பதின்மூன்று பாட்டுக்களில் அவர் சொந்தமாக எழுதியவை இரண்டு. பாக்கி பெரும்பாலும் பழம் பாட்டுக்கள். பின்னால் 2016-ல் நோபல் பரிசு வாங்கப் போகிற மனிதர், அடியெடுத்து வைத்தது மற்றவர் பாட்டில்! அவற்றில் ஒன்று 'ஹவுஸ் ஆஃப் தி ரைஸிங் சன்'. அதை டேவ் வான் ராங்க் என்ற சிநேகிதர் தமக்கென்று ஒரு தினுசாக அமைத்துப் பாடி வந்தார். டிலன் அவரிடம் போய், "உங்கள் பாணியில் நான் அதைப் பதிவு செய்யலாமா?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறு, நானே பதிவு செய்ய இருக்கிறேன்" என்றார் அவர். டிலன் முழித்தார். பதிவு ஏற்கெனவே முடிந்து போயிருந்தது!

அப்புறம் வான் ராங்க் அதைப் பாடினாலே, "டிலன் பாட்டைத் திருடுகிறார்" என்று ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். பாவம், நிறுத்திக் கொண்டார். இத்தனைக்கும் இசைத்தட்டின் அட்டைக் குறிப்பில் அவர் பேர் அச்சாகியிருந்தது. அட்டையை யார் படிக்கிறார்கள்? 1964-ல் 'அனிமல்ஸ்' என்ற ஆங்கிலக் கோஷ்டி அதே பாட்டைப் பாடி உலகப் பிரசித்தமாக்கியது. அதன்பின் டிலன் பாடினால், "அனிமல்ஸைக் காப்பியடிக்கிறார்" என்றார்கள். அவரும் நிறுத்திக் கொண்டாராம். வான் ராங்க் சிரித்துக் கொண்டே சொன்ன கதை இது.

ஆனால் நேயர்களே, இவர்களுக்கெல்லாம் முன்னால், 1937-ல், ஆலன் லோமாக்ஸ் என்பவர் ஒலிப்பதிவு யந்திரத்தைத் தூக்கிக் கொண்டு கெண்டக்கி மலைப் பக்கம் போனார். பதினாறு வயதுச் சுரங்கத் தொழிலாளியின் மகள் ஒருத்தி அதே பாட்டை அவருக்குப் பாடிக் காட்டினாள். அவர் பாட்டை மட்டும் எடுத்துக் கொண்டு வரவில்லை. ஜார்ஜியா டர்னர் என்று பேரையும் குறித்துக் கொண்டு வந்து, 1941-ல் புத்தகத்தில் அச்சிட்டார். பாட்டை அவள் இயற்றவில்லை, அவளும் கேட்டுக் கற்றவள்தான். ஆனாலும் அந்த ஏழைப் பெண் இன்று காணாமல் போய்விடவில்லை. குறித்து வைத்த இரண்டு வார்த்தை செய்த காரியம்!

இதை வடக்குப்பட்டுத் திண்ணையில் சொன்னேன். ஆயா அசையாமல் கேட்டுக் கொண்டிருந்தாள். அப்புறம், கேட்காமலே, நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தாள். குரல் நடுங்கியது; தாளம் நடுங்கவில்லை. பேரன் கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்து கொண்டான். 'ஆயா பாட்டு' என்று தலைப்பும் கொடுத்துவிட்டான்.

"எம் பாட்டு இல்லடா அது. எங்க மாமியா பாட்டு. அவுங்க எடுத்துக் குடுப்பாங்க, நாங்க பின்னால பாடுவோம். அவுங்க பேரைப் போடு" என்றாள் கிழவி.

"என்ன பேரு ஆயா?"

ஆயா வாயைத் திறந்தாள், மூடினாள். மாமியாரைப் பேர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? அறுபது வருஷமாய் 'அத்தை'தான். எவ்வளவோ யோசித்தாள். பட்டாவில் மாமனார் பேர் இருக்கிறது. மாமியார் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

கடைசித் தெருவில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் இருக்கிறாராம், மாமியாருக்குத் தம்பி முறை. காது மந்தம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு இல்லை, போய்க் கேட்கிறேன் என்றான் பேரன். தலைப்பை அழித்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறான்.