போட்டோஷாப் 'கிராக்' தேடுறவங்களுக்கு ஒரு த்ரெட்

ஓபி முடியுற நேரம். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு தம்பி, சீட்டை வாங்கிட்டும் நகராம நின்னான். "சார், ஒண்ணு கேக்கலாமா? உடம்பு விஷயம் இல்ல. நீங்க செண்பகத்தோப்பு அணில் படமெல்லாம் போடுவீங்களே, எதுல எடிட் பண்றீங்க?"

ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்துல மில் வேலை. லீவு நாள்ல காதுகுத்து, வளைகாப்புன்னு போட்டோ எடுக்குறான். யாரோ அனுப்புன லிங்க்ல போட்டோஷாப் 'கிராக்' இறக்கியிருக்கான். மறுநாள் ஒரு ஃபைலும் திறக்கல, பணம் கேட்டு ஒரு நோட்டீஸ் மட்டும் திரையில. ரான்சம்வேர். நாலு வீட்டு விசேஷம் போச்சு. அதுல ஒண்ணு வளைகாப்பு. அந்தப் பொண்ணுக்குக் குழந்தையே பொறந்தாச்சு. திரும்ப எங்க போய் எடுக்க?

"இன்ஸ்டால் பண்றப்ப ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னுச்சா?"ன்னு கேட்டேன். ஆமான்னான். கிராக் ஃபைல்ல பெரும்பாலும் இந்த வரி இருக்கும். ஒரு வைத்தியர் "தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுட்டு என் மருந்தைச் சாப்பிடு"ன்னு சொன்னா சாப்பிடுவீங்களா?

அவனைத் திட்ட எனக்கு மனசு வரல. அடோபி 2013லயே சந்தா முறைக்கு மாறிடுச்சு. ஒருதடவை காசு கொடுத்து வாங்கி வெச்சுக்கலாங்கிற கதையே போட்டோஷாப்ல இப்ப இல்ல. மாசாமாசம் கட்டணும். வருஷத்துக்குப் பத்து விசேஷம் எடுக்குறவனுக்கு அது கட்டுப்படியாகாது. என் வாதம் என்னன்னா, கட்டவும் வேண்டாம், திருடவும் வேண்டாம்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரை கலர் அட்டையில இல்லைன்னு, "இது கேக்காது சார்"னு சொல்றவங்களை தினமும் பார்க்குறேன். உள்ள இருக்கிற மருந்து அதேதான். ஜிம்ப் மேல இருக்கிற இளக்காரமும் அப்படித்தான். 1995ல பெர்க்லியில ரெண்டு மாணவர்கள் ஆரம்பிச்ச மென்பொருள் அது. இன்னைக்கு வரை இலவசம். கிராப், கர்வ்ஸ், லேயர், முகத்துல இருக்கிற பரு எடுக்குறது, எல்லாம் இருக்கு. 2025 மார்ச்ல வந்த 3.0ல, ஒரு ஃபில்டரைப் போட்டுட்டு பின்னாடி வந்து மாத்திக்கவும் முடியுது. ஆரம்பத்துல மெனு குழப்பும், மறுக்கல. ஒரு வாரம் பொறுத்துக்கணும்.

ஒரு எச்சரிக்கை. இலவச மென்பொருளையும் அதோட சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க. 2022ல கூகுள் தேடல்ல வந்த ஒரு விளம்பரம், ஜிம்ப் தளம் மாதிரியே இருந்த போலிக்குக் கூட்டிட்டுப் போய் பாஸ்வேர்டு திருடுற மால்வேரை இறக்கிச்சு. விளம்பரத்தைத் தொடாதீங்க, ஜிம்ப் டாட் ஆர்க்னு நேரா டைப் பண்ணுங்க.

இன்ஸ்டாலே பண்ண வேண்டாமா? போட்டோபியா. பிரவுசர்லயே ஓடும், பார்க்க போட்டோஷாப் மாதிரியே இருக்கும், பிஎஸ்டி ஃபைலும் திறக்கும். ஓரத்துல விளம்பரம் வரும், அவ்வளவுதான். படம் உங்க கம்ப்யூட்டரை விட்டு வெளிய போகாது. அடுத்தவங்க வீட்டு விசேஷம் எடுக்குறவங்களுக்கு இது முக்கியம்.

அஃபினிட்டி முன்னாடி காசு. கேன்வா அந்தக் கம்பெனியை 2024ல வாங்குச்சு, 2025 அக்டோபர்ல இலவசமாக்கிட்டாங்க. கேன்வா கணக்கு ஒண்ணு வேணும், ஏஐ வசதிக்கு மட்டும் காசு. லேப்டாப் கொஞ்சம் புதுசா இருந்தா என் ஓட்டு இதுக்குத்தான். அரசு கொடுத்த பழைய லேப்டாப்புன்னா ஜிம்பே போதும். ரா ஃபைல்ல எடுக்குறவங்க கூடவே ராதெரபி சேர்த்துக்கோங்க. போன் மட்டும்தான் இருக்குன்னா ஸ்னாப்சீட், வாட்டர்மார்க் கிடையாது.

"கல்யாண ஸ்டுடியோல எல்லாம் போட்டோஷாப்தானே கேக்குறாங்க?"ன்னான். நியாயமான கேள்வி. அந்த வேலை கிடைச்சா அவங்க சந்தா கட்டுவாங்க, அப்ப கத்துக்கலாம். லேயர், கர்வ்ஸ், மாஸ்க் எங்க கத்தாலும் ஒண்ணுதான்.

எனக்குத் தெரிஞ்சு ஆரம்பத்துல கத்துக்க வேண்டியது மூணே மூணு: கிராப், வெளிச்சம், வைட் பேலன்ஸ். மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. நம்ம ஊர் பால்கோவாவை மஞ்சள் பல்புக்குக் கீழ வெச்சு எடுத்தா ஸ்டேட்டஸ்ல மைசூர்பாகு மாதிரி தெரியும். கடைக்காரங்க ஆயிரம் ஃபில்டர் போடுறாங்க, அந்த ஒரு ஸ்லைடரைத் தொடுறதில்ல.

போன படத்துக்கு வழி? மெமரி கார்டை ஃபார்மட் பண்ணிட்டானாம், ஆனா அதுக்கப்புறம் புதுசா எதுவும் எடுக்கல. கார்டைத் தொடாம எடுத்து வை, ஃபோட்டோரெக்னு ஒரு இலவச ரெக்கவரி மென்பொருள் இருக்கு, வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருன்னு சொன்னேன். அடுத்த மாசம் மாத்திரைக்கு வரும்போது சொல்றேன்னு போயிருக்கான்.

டாக்டரா ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். புண்ணு, தடிப்பு, மஞ்சள் கண்ணுன்னு எங்களுக்கு வாட்ஸப்ல அனுப்புற படத்தை எடிட் பண்ணாதீங்க. போன்ல பியூட்டி மோடு தானாவே ஆன்ல இருக்கும். தடிப்பை அழிச்சிரும், வெளிறின முகத்தை ரோஸ் ஆக்கிரும். ஆஃப் பண்ணிட்டு, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல எடுங்க. அதுக்கப்புறமும் நேர்ல வாங்க.