அந்த அரிசியை யார் வாங்கி வந்தது?

செப்டம்பர் வந்தால் எங்கள் கல்லூரியில் பாரதி விழா. முண்டாசும் கறுப்புக் கோட்டும் மையால் வரைந்த மீசையும் தயாராகிவிடும். செல்லம்மாவாக நிற்கிற பெண்ணுக்கு மட்டும் வசனமே கிடையாது. முறத்தோடு வர வேண்டும், அரிசியைக் காணோமென்று திகைக்க வேண்டும், அவர் குருவிகளைக் காட்டிப் பாடியதும் சிரித்துவிட வேண்டும். பல வருஷமாக இந்த நாடகத்துக்கு நான்தான் பொறுப்பு. கடைசியில் கைதட்டுவதும் நான்தான்.

போன வருஷ ஒத்திகையில் செல்லம்மா வேஷத்துக்கு வந்தவள் விக்கிரவாண்டிப் பக்கத்துப் பெண். அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். "மேடம், அந்த அரிசிய யார் வாங்கினது?" என்றாள். கடன் வாங்கிய அரிசி என்றேன். "அதான், யாரு போய்க் கேட்டாங்க? எங்க வீட்லன்னா எங்கம்மாதான் போவும். அதுவும் பக்கத்து வீட்ல கேக்காது, ரெண்டு வீடு தாண்டித்தான் கேக்கும். பக்கத்து வீட்ல போன வாரமே வாங்கியிருக்கும்."

பாரதியின் கவிதைகளில்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். ஆய்வேட்டில் சக்தி வருகிறாள், பாஞ்சாலி வருகிறாள், கண்ணம்மாவுக்குத் தனி இயலே உண்டு. செல்லம்மா ஒரே ஓர் அடிக்குறிப்பில் வருகிறார், அதுவும் திருமணத் தேதிக்காக. வாய்மொழித் தேர்வில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'தலைப்புக்குப் புறம்பானது' என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

1897இல் கல்யாணம். கடையத்துச் செல்லம்மாவுக்கு ஏழு வயது, பாரதிக்குப் பதினாலு. பிறகு கணவர் காசிக்குப் படிக்கப் போனார். அங்கே அவர் போகிற போக்கைப் பற்றி ஊரில் வம்பு கிளம்ப, இந்தச் சிறுமி பயந்து கடிதம் எழுதினாள். கவலைப்படுகிற நேரத்தில் தமிழ் படி என்று பதில் வந்தது. நல்ல புத்திமதிதான். கவலைக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

நிவேதிதையைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்டதும், பெண்களை வெளியே அழைத்துவரும் வழக்கமில்லை என்று பாரதி சொல்லித் திட்டு வாங்கியதும் எல்லா மேடையிலும் சொல்லப்படுகிற கதை. அந்தத் திட்டில்தான் பெண்விடுதலைக் கவிஞர் பிறந்தார் என்போம். 1908இல் 'ஸ்வதேச கீதங்க'ளையும் 1909இல் 'ஜன்ம பூமி'யையும் அவர் நிவேதிதைக்கே சமர்ப்பித்தார். சரி, அது குருவுக்குச் செய்த மரியாதை. வீட்டில் விடப்பட்டவருக்கு அந்தச் சந்திப்பால் என்ன கிடைத்தது என்று நாம் கேட்டதே இல்லை.

அதே 1908இல் கைதுக்குத் தப்பிப் பாரதி புதுச்சேரி போனார். பின்னால் செல்லம்மாவும் போய்ச் சேர்ந்தார். நான் தினமும் திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கும் விழுப்புரம் சந்திப்பிலிருந்துதான் புதுச்சேரி ரயில் பாதை பிரிகிறது. கடையத்திலிருந்து குழந்தைகளோடு இந்த வழியாகத்தானே வந்திருப்பார் என்று சில காலைகளில் தோன்றும். 'இந்தியா' பத்திரிகையைப் பிரிட்டிஷ் எல்லைக்குள் விடாமல் தடுத்தார்கள். 1910இல் அது நின்றுபோனது. சம்பளம் இல்லை, தெருமுனையில் உளவுப் போலீஸ், வீட்டில் எந்நேரமும் நண்பர்கள். 1918 வரை பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில்தான் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் எழுதப்பட்டன. அதே பத்து வருஷமும் உலை வைக்கப்பட்டது. முன்னதைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறோம்.

பாரதியின் தோளில் குருவி உட்காருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொடுத்தவர் பெயரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, இறைத்தவரை மட்டும் வள்ளலாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'அவள் பாவம், அவருடைய மேதைமை அவளுக்குப் புரியவில்லை' என்று மேடையில் உச்சுக்கொட்டுகிற தமிழறிஞர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நாளைக்கு அரிசி இல்லை என்பது புரிந்திருந்ததே, அது எந்த மேதைமைக்குக் குறைச்சல்?

1921இல் பாரதி இறந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. அண்ணன் அப்பாத்துரையோடு சேர்ந்து பாரதி ஆச்ரமம் என்று ஒரு பதிப்பகம் தொடங்கி, 1922இல் 'சுதேச கீதங்க'ளை இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் போகாத அந்தக் காலத்து விதவை ஒருத்தி காகிதம் வாங்கி, அச்சகத்தோடு பேசி, கவிதைப் புத்தகம் போடுகிறார். பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடக்கிறார்கள். பிறகு உரிமை பாரதியின் தம்பி விசுவநாத ஐயரிடம் போனது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது.

1949இல் சென்னை மாகாண அரசு பாரதி பாடல்களைப் பொதுவுடைமையாக்க முடிவெடுத்தபோது பிரதமராக இருந்தவர் எங்கள் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லிப் பெருமைப்படுவோம், நானும்தான். பாட்டு மக்களுக்கு வந்தது நியாயம். அரசு கொடுத்த தொகையைப் பாருங்கள்: விசுவநாத ஐயருக்கு 15,000 ரூபாய், செல்லம்மா, தங்கம்மாள், சகுந்தலா மூவருக்கும் ஆளுக்கு 5,000. தம்பி ஒருவர், மனைவியும் இரண்டு மகள்களும் சேர்ந்தால் அதே இன்னொருவர். காகிதத்தில் உரிமை அவரிடம் இருந்தது என்று சட்டம் சொல்லும். காகிதம் எப்போதும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கடையத்தில் 2022இல் வைத்த சிலையில் அவர் கை இவர் தோள்மேல் இருக்கிறது. புரட்சி என்கிறோம். அந்தக் கை தோளில் விழுந்த பிறகு அக்ரகாரத்தில் தண்ணீர் எடுக்கப் போனவர் யார்? காதில் வாங்கியவர் யார்?

செல்லம்மா பேசாமல் போனவரும் அல்ல. அவர் சொல்ல, தங்கம்மாள் எழுதி, 1941இல் 'பாரதியார் சரித்திரம்' வந்தது. தாயும் மகளும் சேர்ந்து செய்த புத்தகம். அதைப் பாரதிக்குச் சான்றாகத்தான் நானும் மேற்கோள் காட்டினேன், ஒரு பெண்ணின் எழுத்தாகப் படிக்கவில்லை.

இந்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு அதன் நகலைக் கொடுத்தேன். இரண்டே நாளில் படித்துவிட்டு, வசனம் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். முறம் வேண்டாமாம், யாரிடம் எத்தனை படி வாங்கினோம் என்று செல்லம்மா விரல்விட்டு எண்ணுவதிலிருந்து தொடங்குகிறாள். நேற்று ஒத்திகை பார்க்க வந்த விழாக்குழுவினர் மூன்று நிமிஷம் பொறுமையாக இருந்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: "பாரதி எப்ப வருவாரு?"

"அரிசி வந்தப்புறம் வருவாரு சார்" என்றாள்.